மூன்று தகர மூலைகள்

கோத்தன்பர்க், சுவீடன்
09.02.2025

என் அக்கா விஜயலெட்சுமிக்கு,

நான் சுகம். நீ சுகமா என்று கேட்டால் பதில் வராது என்று தெரியும். இருந்தாலும் கேட்டு வைக்கிறேன். தீபாவளியிலிருந்து நான் எடுத்த ஒரு போன் கோலுக்குக்கூட நீ பதில் சொல்லவில்லை. மாமாதான் எடுக்கிறார். "அக்கா எங்க மாமா?" என்றால், "மலைக்குக் கொழுந்தெடுக்கப் போயிருக்கும்மா" என்கிறார். ஞாயிற்றுக்கிழமையிலுமா? பாவம் மனுசன், பொய் சொல்லத் தெரியாமல் இருமுகிறார்.

போனை எடுக்காவிட்டால் போகட்டும், கடிதத்தை நீ வாங்காமல் இருக்க முடியாது. தோட்டத்துக் கடிதமெல்லாம் ஆபீசுக்கு வந்து, மறுநாள் காலை பெரட்டுக்களத்தில் ஆட்களுக்கு வேலை பிரிக்கும்போதுதானே கணக்கப்பிள்ளை பேர் சொல்லிக் கொடுப்பார். அத்தனை பேர் முன்னால் 'எனக்கு வேணாம்' என்று சொல்ல உனக்கு வராது. அதனால்தான் கடிதம்.

அந்தப் படத்தை நான் அனுப்பியிருக்கக் கூடாது. வேலையிடத்தில் எல்லோருமாக ஒரு விமானத்தின் முன்னால் நின்று எடுத்தது. விமானத்தின் முதுகில் நீளமாகப் பலகை மாதிரி இருந்ததைக் காட்டி, "இது என்னடி?" என்றாய். நாலு வருசமாக 'கம்பியூட்டர் வேலை' என்று உன்னிடம் சொல்லி வந்தவள், அன்றைக்கு ஏனோ உண்மையைச் சொல்லிவிட்டேன். அது ராடார், ராணுவம் வேவு பார்க்கிற விமானம், அதற்கு ராடார் செய்கிற இடத்தில்தான் எனக்கு வேலை என்று. அதற்குப் பிறகு உன் குரலை நான் கேட்கவில்லை.

திட்டுவதென்றால் திட்டி ஒரு கடிதம் போடு அக்கா. உன் எழுத்தைப் பார்த்தால் போதும். இங்கே முழங்கால் அளவுக்குப் பனி. மாமாவின் முழங்காலுக்கு என்ன எண்ணெய் பூசுகிறீர்கள்?

உன் தங்கச்சி,
நிரஞ்சலா

---

மேல்கணக்கு, வெள்ளைமலைத் தோட்டம்
மடுல்சீமை
16.03.2025

நிரஞ்சலா,

கடிதம் கிடைத்தது. நீ நினைத்த மாதிரியே பெரட்டில் வைத்துத்தான் கூப்பிட்டார் கணக்கப்பிள்ளை. முத்திரையைப் பார்த்து ஆளுக்கு ஆள் சுவீடன் எந்தப் பக்கம் என்று கேட்டு, மலைக்குப் போக அரை மணி நேரம் பிந்திவிட்டது. இந்த மாதிரிக் கெட்டிக்காரத்தனத்துக்கு உனக்கு ஒன்றும் குறைச்சலில்லை.

நான் சுகம். மாமாவுக்கு முழங்கால் இன்னும் அப்படித்தான், பூசுவது நல்லெண்ணெய்தான். மழை பிந்தியதால் கொழுந்து குறைவு. அட்டை மட்டும் குறையவில்லை.

உன்னைத் திட்ட எனக்கு வரவில்லை. திட்டுகிற அளவு சின்ன விசயமாக இருந்தால் போனிலேயே திட்டியிருப்பேன். எழுபத்தேழு கலவரத்தில் அப்பா இந்தத் தோட்டத்தை விட்டு ஓடி வன்னியில் காடு வெட்டிக் குடியேறினார். நாம் மூன்று பேரும் அங்கே பிறந்தோம். அம்மாவும் அப்பாவும் போன பிறகு உங்கள் இரண்டு பேரையும் வளர்த்தது நான். சண்டையின் கடைசி ஆறு மாதமும் தலைக்கு மேலே சுற்றியதே, ஆளில்லாமல் பறக்கிற வேவு விமானம், வண்டு என்று சொல்வோமே, அதன் சத்தம் உனக்கு மறந்துவிட்டதா? அது வந்து சுற்றிவிட்டுப் போனால் பின்னாலேயே ஷெல் வரும். ஜெயரூபன் போனது அப்படித்தானே. இருபது வயது, மீசைகூடச் சரியாக முளைக்கவில்லை என் தம்பிக்கு.

சண்டை முடிந்து நம்மை அடைத்து வைத்த முகாமிலிருந்து உன்னை இழுத்துக்கொண்டு, தோட்டத்திலேயே இருந்த மாமாவின் லய வீட்டுக்கு வந்து, நான் கொழுந்துக் கூடையைத் தலையில் மாட்டி, பண்டாரவளைக்கும் பேராதனைக்கும் அனுப்பி உன்னைப் படிக்க வைத்தேன். எதற்கு? நீ போய் அந்த வண்டுக்குக் கண் செய்து கொடுக்கவா?

இதற்கு மேல் எழுத வரவில்லை. வெளியே போகும்போது காதை மூடிக்கொள்.

விஜயலெட்சுமி

---

கோத்தன்பர்க்
20.04.2025

அன்புள்ள அக்காவுக்கு,

புத்தாண்டுக்கு என்ன பலகாரம் செய்தாய் என்று எழுது. நான் வெல்லம் கிடைக்காமல் சீனியில் சர்க்கரைப் பொங்கல் வைத்தேன். என் அறைத்தோழி கஞ்சி என்று நினைத்து உப்புப் போட்டுச் சாப்பிட்டாள்.

நீ எழுதியதைப் படித்து ஒரு வாரம் வேலைக்குப் போக மனம் வரவில்லை. போய்த்தான் ஆகவேண்டும், போனேன். இனி ஒளிக்காமல் சொல்கிறேன், நான் செய்வது இதுதான். விமானம் பறந்துகொண்டே பக்கவாட்டில் ரேடியோ அலையை வீசும். அது தரையில் பட்டுத் திரும்பி வரும். ஓடைக்கு இந்தப் பக்கம் நின்று நாம் கூவினால் எதிர்மலை திருப்பிக் கூவுமே, அந்த மாதிரி. திரும்பி வருகிற கூவலை வைத்துத் தரையைப் படமாக வரைகிறோம். கண்ணுக்கு வெளிச்சம் வேண்டும், இதற்கு வேண்டாம். மேகம், மழை, புகை எதுவும் இதைத் தடுக்காது. முன்னால் நடக்கிற ஆளின் முதுகு தெரியாத மடுல்சீமை மூடுபனியிலும் மலையின் ஒவ்வொரு மடிப்பையும் வரைந்துவிடும். விமானம் நகர நகர நூறு இடத்திலிருந்து கூவிக் கேட்பதால், சின்ன ராடாரே பெரிய ராடார் மாதிரி நுணுக்கமாகப் பார்க்கும். நேற்றைய படத்தையும் இன்றைய படத்தையும் பக்கத்தில் வைத்தால் எந்த லொறி நகர்ந்தது, எங்கே புதிதாக மண் வெட்டியிருக்கிறார்கள் என்று தெரியும். ராணுவங்கள் இதை வாங்குவது அதற்குத்தான்.

படத்தில் தண்ணீர் கறுப்பு. தகரம் வெள்ளையாக மின்னும், அதிலும் தகர மூலை. லயத்தில் நம் காம்பரா அறையின் மூலையை நினைத்துக்கொள், தரை ஒன்று, சுவர் இரண்டு. அப்படி மூன்று தட்டைத் தகரத்தை நேர் கோணமாகச் சேர்த்து, திறந்த வாய் விமானத்தைப் பார்க்கிற மாதிரி வைத்தால், போன அலையை வந்த வழிக்கே திருப்பி அனுப்பிவிடும். இடுப்பளவு தகரம் ஒரு பெரிய கட்டடம் மாதிரித் தெரியும். கூரைக்குப் போடுகிற நெளிதகரம் அவ்வளவு சரிவராது. ராடார் ஒழுங்காகப் பார்க்கிறதா என்று சோதிக்க இப்படி வயலில் வைத்துத்தான் விமானத்தைப் பறக்கவிடுவோம். போன வாரம் மூன்று மூலைகளைச் சம தூரத்தில் வரிசையாக வைத்தது நான்தான். சேற்றில் ஒரு பூட்ஸ் போய்விட்டது.

வண்டில் இருந்தது கமரா, என் வேலை வேறு என்று சொல்லி உன்னைச் சமாதானப்படுத்தலாம் என்று யோசித்தேன். ஆனால் ஒரே விமானத்தில் கமராவும் ராடாரும் சேர்ந்தே போகின்றன. நான் செய்கிற கண்ணை வைத்து யாரோ எங்கேயோ எதையோ செய்வார்கள். அது எனக்குத் தெரியும், தெரிந்துதான் செய்கிறேன். கடலில் தத்தளிக்கிற படகையும் இதே கண்தான் கண்டுபிடிக்கிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன். சில நாள் அது போதுமாக இருக்கும்.

டிசம்பரில் ஐந்து வாரம் லீவு. நான் வரட்டா அக்கா? நீ 'வா' என்று எழுதினால்தான் டிக்கெட் போடுவேன்.

நிரஞ்சலா

---

வெள்ளைமலை
08.06.2025

அன்புள்ள நிரஞ்சலா,

உன் பாடத்தை மூன்று தரம் படித்து, மாமாவுக்கும் வாசித்துக் காட்டினேன். "நம்ம காம்பரா மூலைய வச்சே படிப்பு சொல்லிக் குடுக்குறாளே!" என்று ஒரே சிரிப்பு. அன்றைக்கு முழங்கால் வலியே இல்லை அவருக்கு. பலகாரம் ஒன்றும் பெரிதாகச் செய்யவில்லை, கொக்கிஸ் மட்டும் சுட்டேன். உனக்குப் பிடித்தது என்று கைப் பழக்கத்தில் கூடுதலாகச் சுட்டுவிட்டு யாருக்குக் கொடுப்பது என்று தெரியாமல் நின்றேன்.

இங்கே ஒரு புதுக் கவலை. லயத்துக்கு மேலே தேயிலைக்கு நடுவில் மண் வெடித்திருக்கிறது. நீளமாக, ஒரு கை உள்ளே போகிற அளவுக்கு. யாரோ வந்து பார்த்து, கல்லில் சிவப்பு மையால் கோடு போட்டுவிட்டு, மழை கடுமையானால் எழும்பிப் போங்கள் என்றார்கள். எங்கே போவது என்று கேட்டதற்குக் கோடு போட்ட ஆள் மை டப்பாவை மூடிக்கொண்டு நடந்தார். வேறு இடத்தில் வீடு தருகிற பேச்சு நாம் முகாமிலிருந்து வந்த வருசத்திலிருந்தே நடக்கிறது.

கூரையில் மிலாறு போடுவதற்கு மாமா இன்னும் சண்டை பிடிக்கிறார். கவ்வாத்து வெட்டிய தேயிலைக் குச்சி, மற்றவர்கள் அடுப்பில் வைப்பதை நான் கூரைத் தகரத்தின் மேல் பரப்பி வைக்கிறேன். "தகரம் துருப்புடிச்சு ஒழுகுது, இங்க மேல இருந்து யாரு பாக்குறா?" என்கிறார். யாரும் பார்க்கவில்லை என்று எனக்கும் தெரியும். ஆனால் வெயிலில் தகரம் பளபளத்தால் என் கை தானாக மிலாறைத் தேடுகிறது. பதினாறு வருசமாகப் போகவில்லை இந்தப் பழக்கம்.

டிசம்பரைப் பற்றிக் கேட்டாய். வராதே என்று சொல்ல எனக்கு மனமில்லை, பிள்ளை மாதிரி வளர்த்தவள் நான். வா என்று எழுதப் பார்த்தேன், கை வரவில்லை. கொஞ்சம் பொறு.

அக்கா

---

கோத்தன்பர்க்
10.08.2025

அன்புள்ள அக்காவுக்கு,

பொறு என்றாய், பொறுத்துப் பார்க்கிறேன். எனக்குப் பொறுமை இல்லை என்று உனக்குத்தான் தெரியுமே. கொக்கிஸ் பற்றி நீ எழுதியதைப் படித்துவிட்டு பஸ்ஸில் அழுதேன். பக்கத்தில் இருந்த சுவீடன்கார அம்மா எனக்கு ஒரு மிட்டாய் கொடுத்தார். ஊரில் என்றால் ஏன் எதற்கு என்று கேட்டு வீடு வரை கொண்டுவந்து விட்டிருப்பார்கள்.

முதலில் அந்த வெடிப்பு. அதற்கு இரண்டு பக்கமும் ஒவ்வொரு முளையை ஆழமாக அடித்து, இரண்டுக்கும் நடுவில் தையல் நூலை இறுக்கிக் கட்டு. தினமும் பார். நூல் விறைத்தாலோ அறுந்தாலோ மண் நகர்கிறது என்று அர்த்தம். யாருடைய கடிதத்துக்கும் காத்திருக்காமல் ஆட்களைக் கூட்டிக்கொண்டு இறங்கு, அல்லது ஏறு. இது விளையாட்டில்லை. நிலம் விரல் அளவு நகர்ந்தாலும் ராடார் காட்டிக் கொடுக்கும், ஆனால் உங்கள் மலைக்கு மேலே இன்றைக்கு யாரும் அதைப் பறக்கவிடப் போவதில்லை. உனக்கு நூல்தான் ராடார்.

இரண்டாவது விசயம், நான் இதுவரை கேட்காதது. தம்பி என்று நீ சொல்கிற என் அண்ணன் எப்படிப் போனான்? அன்றைக்கு எனக்குக் காய்ச்சல். பங்கர் குழிக்குள் கிடந்தேன். ஒரு சத்தம் கேட்டது, பிறகு நீ உள்ளே வந்து என் காதைப் பொத்தினாய். அவ்வளவுதான் எனக்குத் தெரியும். அன்றைக்கு மட்டும் நீ ஏன் அழவில்லை என்று இத்தனை வருசமும் யோசித்திருக்கிறேன். சொல்ல முடியாவிட்டால் விடு. ஆனால் என் வேலை மட்டும்தான் நம் இருவருக்கும் நடுவில் இருக்கிறது என்று எனக்குத் தோன்றவில்லை.

நிரஞ்சலா

---

வெள்ளைமலை
05.10.2025

என் நிரஞ்சலா,

இதை எழுத இரண்டு மாதம் ஆகிவிட்டது. மூன்று தரம் எழுதி அடுப்பில் போட்டேன்.

அன்றைக்கு முந்தின நாள்தான் ஜெயரூபன் எங்கிருந்தோ இரண்டு தகரம் தூக்கி வந்து பங்கருக்கு மேலே போட்டான். உனக்குக் காய்ச்சல், மழை ஒழுகக்கூடாது என்று. மண் போட்டு மூட நேரமில்லை. விடிந்து வெயில் வந்ததும் தகரம் மின்ன ஆரம்பித்தது. பத்து மணி போல வண்டு வந்தது. அவன் உன் தலைமாட்டில் உட்கார்ந்து கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தான். நான்தான் சொன்னேன், "டேய், தகரம் தெரியுதுடா, ஓடிப்போயி கொப்பு வெட்டிப் போட்டு மூடிட்டு வா" என்று. "அது போகட்டும்க்கா, பொறகு போறேன்" என்றான். நான் விடவில்லை. "அது பாத்துட்டா எல்லாரும் செத்தோம், இப்பவே போடா" என்று தோளைப் பிடித்துத் தள்ளினேன். சிரித்துக்கொண்டே ஏறிப் போனான். இரண்டு கொப்பு போட்டிருந்தான். மூன்றாவது கையில் இருந்தது.

உள்ளே இருந்திருந்தால் அவனுக்கு ஒன்றும் ஆகியிருக்காது, ஷெல் பக்கத்தில்தான் விழுந்தது. உனக்கும் எனக்கும் ஒரு கீறல் இல்லையே.

இப்போது தெரிகிறதா, நான் உன் போனை ஏன் எடுக்கவில்லை என்று. உன் மேல் கோபம் என்று உன்னை நம்ப வைத்தேன், என்னையும் நம்ப வைத்தேன். அந்தப் படத்தைப் பார்த்ததும் எனக்கு ஞாபகம் வந்தது வண்டு இல்லை. என் கை அவன் தோளில் இருந்ததுதான். நீ நேரில் வந்தால் உன் முகத்தில் அவன் சாயல் இருக்கும். அதைப் பார்த்துக்கொண்டு நான் எப்படி உனக்குச் சோறு போடுவேன்?

நூல் கட்டியிருக்கிறேன். பச்சை நூல். போன வாரம் விறைத்தது, அவிழ்த்து மறுபடி கட்டினேன். பெருவிரல் அகலம் கூடியிருக்கிறது.

அக்கா

---

கோத்தன்பர்க்
02.11.2025

என் அக்கா,

உன் கடிதத்தை என் தலையணைக்குக் கீழே வைத்திருக்கிறேன். அவன் கஞ்சி ஊட்டிய கரண்டியின் சூடு இப்போதுதான் எனக்கு ஞாபகம் வருகிறது.

நீ அவனைக் கொல்லவில்லை. இதை எவ்வளவு பெரிதாக எழுதினாலும் நீ நம்பமாட்டாய், ஆனாலும் எழுதுகிறேன். வண்டுக்குத் தகரம் தெரிந்ததா, ஆள் தெரிந்தானா, ஒன்றையும் பார்க்காமலே அடித்தார்களா என்று எனக்குத் தெரியாது. தொழில் தெரிந்தவள் சொன்னால் நீ நம்பக்கூடும். அதனாலேயே உனக்குப் பொய் சொல்ல மாட்டேன். எனக்குத் தெரிந்தது ஒன்றுதான், நீ எங்கள் இருவரையும் காப்பாற்றத்தான் அவனை அனுப்பினாய்.

உன்னைப் பார்க்காமல் இரண்டு வருசம் ஆகிறது. நீ போடுகிற பழைய சோறு போதும். முகத்தைப் பார்க்க முடியாவிட்டால் திரும்பி உட்கார்ந்து சாப்பிடுகிறேன். ஒரு சொல் எழுது. இந்த வருசம் டிக்கெட் விலை ஏறினாலும் பரவாயில்லை, கடைசி நாள் வரை காத்திருப்பேன்.

நூலைத் தினமும் பார்.

நிரஞ்சலா

---

கோத்தன்பர்க்
01.12.2025, திங்கள் காலை

அக்கா,

இந்தக் கடிதம் எப்போது வரும் என்று தெரியாது. இலங்கைக்குத் தபால் பிந்தும் என்று சொல்லித்தான் முத்திரை விற்றார்கள். புயல் வந்து ஐந்து நாள். உன் போன், மாமாவின் போன், தோட்டத்து ஆபீஸ், எதுவும் வேலை செய்யவில்லை. பேச ஆளில்லாமல் எழுதுகிறேன்.

வெள்ளிக்கிழமை எங்கள் வேலையிடத்துப் பெரியவர் என்னைக் கூப்பிட்டார். உதவிக்கென்று ஒரு நாடு அனுப்பிய கண்காணிப்பு விமானம் ஊவா மலைகளுக்கு மேலே பறக்கிறது, அதில் இருப்பது எங்கள் ராடார். போன மாதம் வரை ஆட்களையும் ஆயுதங்களையும் தேடிய விமானம். மலை முழுக்க மேகம் மூடியதால் வேறு எதற்கும் ஒன்றும் தெரியவில்லை. படம் வந்து குவிகிறது, வாசிக்க ஆட்கள் போதாது, ஊர் தெரிந்தவள் என்று என்னை உட்கார வைத்தார்கள்.

உன் லயத்தை நான் தேடினேன். புயலுக்கு முந்தின படம் ஒன்று இருந்தது. அதில் உன் கூரை வெள்ளைக் கோடாகத் தெரிந்தது. நீ போட்ட மிலாறு ராடாரிடம் ஒன்றையும் மறைக்கவில்லை அக்கா. வெள்ளிக்கிழமைப் படத்தில் அந்தக் கோடு இல்லை. மலை மேலிருந்து ஓடை வரைக்கும் ஒரே சாம்பல். எனக்குக் கொடுத்திருந்த பட்டியலில், மேல்கணக்கு லயம், இருபத்துமூன்று பேர், மண்ணுக்குள், தேட வேண்டியதில்லை என்று எழுதியிருந்தது. நான் அந்தத் தாளைக் கவிழ்த்து வைத்துவிட்டு மற்ற ஊர்களைப் பார்த்தேன். வேறு என்ன செய்ய?

நேற்று ஞாயிறு. முந்தின நாள் மத்தியானம் எடுத்த படம் வந்தது. ஓடைக்கு அந்தப் பக்க மேட்டில் மூன்று வெள்ளைப் புள்ளிகள். வெள்ளியன்று அவை இல்லை. சம தூரம், நேர் வரிசை. மலையில் எதுவும் தானாக அப்படி அடுக்கிக்கொள்ளாது. நான் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழும்பி, தமிழில் கத்திவிட்டேன். ஒருவருக்கும் விளங்கவில்லை. இடத்தைக் குறித்து அனுப்பினோம். பதுளையிலிருந்து ஆட்கள் நடந்து போகிறார்களாம். இன்னும் செய்தி இல்லை.

அதைச் செய்தது நீ என்று நினைத்துக்கொண்டிருக்கிறேன். வேறு யாருக்கு நான் அதைச் சொன்னேன்? நீயாகவே இரு அக்கா.

நிரஞ்சலா

---

பள்ளிக்கூட முகாம், மடுல்சீமை
21.12.2025

என் தங்கச்சிக்கு,

லொறிக்கார றில்வானின் போனில் பேசிய இரண்டு நிமிடமும் நீ அழுததிலும் நான் அழுததிலுமே போய்விட்டது. பிறகு சார்ஜும் போய்விட்டது. உன் டிசம்பர் கடிதம் நேற்று வந்தது. இப்போது பெரட்டு இல்லை, தபால்காரரே முகாமுக்கு வந்து என் கையில் கொடுத்தார். முதல் தடவையாக என் கடிதத்தை நானே முதலில் தொட்டேன்.

புதன்கிழமை பின்னேரம் பார்த்தபோது பச்சை நூல் அறுந்து கிடந்தது. காலையில் கட்டிவிட்டுப் போன நூல். ஒவ்வொரு காம்பராவாகத் தட்டினேன். "தையல் நூலப் பாத்துட்டு ஊர விட்டுப் போகச் சொல்லுது இந்த லெச்சுமி" என்று சிரித்தார்கள். மாமாதான் கம்பை ஊன்றிக்கொண்டு மழையில் நின்று, "சிரிக்கிறவன் நடந்துக்கிட்டே சிரி!" என்று சத்தம் போட்டார். இருபத்தொரு பேர் ஓடையைத் தாண்டி, அந்தப் பக்க மேட்டில் இருக்கும் பழைய கொழுந்து மடுவத்துக்கு ஏறினோம். முன்பு கொழுந்து நிறுத்த இடம், அரைக்கூரைதான் மிச்சம். உரம் ஏற்றி வந்து ரோட்டில் மாட்டிக்கொண்ட லொறிக்கார றில்வானும் எங்களோடு வந்தான். கடைசிக் காம்பராக் கிழவரும் அவர் பெண்சாதியும் மட்டும் விடியட்டும் வருகிறோம் என்றார்கள். விடிவதற்குள் மலை இறங்கிவிட்டது. அந்தச் சத்தத்தை உனக்கு எழுத மாட்டேன்.

இனி எழுதுவது என் பிழை. வெள்ளிக்கிழமை மேகத்துக்கு மேலே ஒரு சத்தம் கேட்டது. போனது, திரும்பி வந்தது, மறுபடி போனது. எனக்கு எங்கே இருக்கிறேன் என்பது மறந்துவிட்டது. "அடுப்ப அணைங்க! புள்ளைகள உள்ள இழுங்க! ஒருத்தரும் வெளிய நிக்கக்கூடாது!" என்று கத்தி, பிள்ளைகளுக்கு வெந்நீர் வைத்திருந்த நெருப்பில் நானே தண்ணீரை ஊற்றினேன். இருந்த ஒரே காய்ந்த விறகு அது. றில்வான் என் கையைப் பிடித்து, "அக்கா, அது நம்மளத் தேடி வாற ப்ளேனுக்கா" என்றான். "தேடித்தான்டா வரும், எனக்குத் தெரியாதா!" என்று அவனை அறைந்துவிட்டேன். மற்ற எல்லோரும் ஒரு நாள் முழுக்கக் குளிரில் விறைத்தது என்னால்.

சனிக்கிழமை காலை பிள்ளைகள் பேச்சில்லாமல் கிடந்ததைப் பார்த்துத்தான் எனக்குப் புத்தி வந்தது. அடையாள அட்டையோடு உன் கடிதங்களையும் பையில் சுற்றி மடியில் கட்டிக்கொண்டு வந்திருந்தேன். ஏப்ரல் கடிதத்தை எல்லோருக்கும் கேட்க வாசித்தேன். தேயிலை அரைக்கிற ஸ்டோரில் கழற்றிய தட்டைத் தகரங்கள் மடுவத்துக்குப் பின்னால் கிடந்தன. கோணம் நேரா என்று மாமா தன் தீப்பெட்டியை மூலையில் வைத்து வைத்துப் பார்த்தார். றில்வான் லொறிக் கயிற்றால் கட்டினான். ஒன்று போதும் என்றார் மாமா. நீ உன் வயலில் மூன்று வைத்தாயே, அதனால் மூன்று என்றேன் நான். நீ பார்ப்பாய் என்று எனக்குக் கனவிலும் தெரியாது. வரிசையாக வைத்து முடித்தபோது, முதலாவது உனக்கு, நடுவில் இருப்பது எனக்கு என்று என் மனம் தானாகப் பேர் வைத்தது. மூன்றாவது யாருக்கு என்று உனக்குத் தெரியும்.

மத்தியானம் மறுபடி சத்தம் வந்தது. கால் உள்ளே ஓடச் சொன்னது. காற்றில் மூன்றாவது தகரம் சாயப் பார்த்தது. நான் ஓடவில்லை நிரஞ்சலா. இரண்டு கையாலும் அதைப் பிடித்துக்கொண்டு, அந்தச் சத்தம் போய் வந்து போய் முடியும் வரை வெட்டவெளியில் நின்றேன். "பாத்துக்க, நல்லாப் பாத்துக்க" என்று கத்தினேனாம், மாமா சொல்கிறார். எனக்கு ஞாபகம் இல்லை. திங்கட்கிழமை மத்தியானம் ஆட்கள் வந்து சேர்ந்தார்கள்.

அந்த விமானம் நல்லது என்று நான் சொல்ல மாட்டேன். அன்றைக்கும் மேலே இருந்து பார்த்தார்கள், இன்றைக்கும் பார்த்தார்கள். இந்தத் தடவை படம் உன் கைக்கு வந்தது, அவ்வளவுதான் வித்தியாசம். அந்த நாற்காலியில் நம் ஆள் ஒருத்தி இருப்பதில் எனக்கு இனிக் கோபம் இல்லை. அவனைத் தள்ளிவிட்ட கை மட்டும் இன்னும் வலிக்கிறது. அது போகாது போல. நீ பக்கத்தில் இருந்தால் கொஞ்சம் குறையும் என்று நினைக்கிறேன்.

மைதானத்தில் ஆளுக்கொரு தகரக் கொட்டில் போட்டுத் தந்திருக்கிறார்கள். நேற்று மாமா எங்கிருந்தோ ஒரு கட்டு மிலாறு கொண்டுவந்து வாசலில் போட்டுவிட்டு என் முகத்தைப் பார்த்தார். நான் அதை முறித்து அடுப்பில் வைத்துத் தேத்தண்ணி ஊற்றினேன்.

வா. ரயில் ஓடவில்லை, பதுளைக்கு பஸ்ஸில் வந்து, அங்கிருந்து மடுல்சீமை பஸ் எடு. பாதை உடைந்திருப்பதால் கடைசி வளைவில் இறக்கிவிடுவார்கள். அங்கே நின்று கீழே பார். கூரையில் நான் ஒன்றும் போடவில்லை. வெயில் இருந்தால் தூரத்திலிருந்தே தெரியும்.

உன் அக்கா,
விஜயலெட்சுமி